மழை விடுமுறையும் பின்னக் கணக்கும்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், கூடலூர், பந்தலூர் பக்கம் விடிந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "இன்னைக்கு லீவு விட்டாச்சா?" மழை விடுமுறை அறிவிப்பு ஒரு பருவத்தில் பலமுறை வரும். சில நாள் நீலகிரி மாவட்டம் முழுவதற்கும், சில நாள் எங்கள் இரண்டு தாலுகாவுக்கு மட்டும். 2019 ஆகஸ்ட்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் பிள்ளைகளை வெளியே அனுப்பவே முடியாது. அறிவிப்பு வராத நாளிலும் எஸ்டேட் ரோட்டில் யானை நின்றால் பள்ளிக்கூடம் போக வழியில்லை. மண் சரிந்தால் பஸ் வராது.

இப்படி விட்டுப்போகிற நாள்களைத் தமிழிலும் சமூக அறிவியலிலும் ஓரளவு ஈடுகட்டலாம். சோழர்கள் பாடம் நடந்த அன்று வராத பிள்ளைக்கும் விஜயநகரப் பாடம் புரியும். கணக்கில் அது நடக்காது. வகுத்தல் வராமல் பின்னம் வராது, பின்னம் வராமல் விகிதம் வராது, இவை எதுவும் இல்லாமல் இயற்கணிதத்தில் கால் வைக்க முடியாது. எல்லாப் பாடமும் இந்த வரிசையில் கட்டுண்டு கிடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செய்முறை வடிவியலைத் தனியாகக் கற்றுக்கொள்ளலாம். புள்ளியியலிலும் ஆரம்பப் பகுதி எளிதுதான். ஆனால் எண்களும் இயற்கணிதமும் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பவை. நடுவில் ஓர் இடம் ஓட்டையாக இருந்தால், அதற்கு மேலே வரும் ஒவ்வொரு வருடமும் அந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

மாலை நேரத்தில் எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் ஒரு மாணவியின் அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். 2025-26 கல்வியாண்டில் அவள் ஒன்பதாம் வகுப்பு. அம்மா கொழுந்து பறிக்கிறார். பாட்டி, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை. என்னிடம் வந்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "எனக்குக் கணக்கு மண்டையில ஏறாதுக்கா." பள்ளியிலும் அவள் பெயர் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் இருந்தது.

அவளுடைய வகுப்புக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் மூன்றாம் வகுப்பின் கடைசியில் இருந்தாள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குள் நான்காம் வகுப்பு முழுதும் போய், ஐந்தாம் வகுப்பிலும் பாதி போயிருந்தது. பெரிய எண்களைப் பெருக்குவது, வகுப்பது, பின்னத்தின் தொடக்கம் எல்லாம் காலூன்ற வேண்டிய காலம் அது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. மழையில் கரண்டும் சிக்னலும் போய்ப்போய் வரும் லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அதை எத்தனை பிள்ளைகள் முழுதாகப் பார்த்திருப்பார்கள்? 2021 கடைசியில், தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' வந்து கொஞ்சம் கை கொடுத்தது. 2022 ஜூனில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது அது ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கானதாக இருந்தது. இவள் அப்போது ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஆறு முதல் ஒன்பது வரையிலான பிள்ளைகளின் அடிப்படை இடைவெளியை நிரப்ப 'திறன்' திட்டம் வந்தது 2025-26இல். அதாவது ஆறு, ஏழு, எட்டு என மூன்று வருடம் இரண்டு திட்டங்களுக்கு நடுவே விழுந்த வகுப்பு இது. இந்தப் பின்னணி தெரியாமல் இந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்து மூளையை எடைபோடுவது அநியாயம்.

அவளிடம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டினால் 14. அந்த எண் எது? பேனாவை வைத்துவிட்டாள். சரி, மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் மட்டும் கூட்டு என்றேன். 2/7 என்று எழுதினாள். இன்னும் ஒரு படி இறங்கி, இந்த இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். "நாலுல ஒன்னுதான் பெருசு, நாலு பெருசுதானக்கா?" என்றாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு தடைப்பட்ட இடம் நான்காம் வகுப்பில் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். தாளை மூடிவைத்துவிட்டு, "முக்கால் கிலோ சீனியும் அரைக் கிலோ சீனியும் சேர்ந்தா எவ்வளவு?" என்றேன். யோசிக்கவே இல்லை. "ஒன்னேகால்." அதையே எழுதச் சொன்னேன். 3/4 + 1/2 = 4/6 என்று எழுதினாள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருந்தாள். இந்த 4/6 ஒன்றைவிடப் பெரியதா, சின்னதா? வெகுநேரம் பார்த்தாள். ஒரு தாளை ஆறு பங்காக மடித்து நான்கைப் பென்சிலால் தேய்த்தாள். இன்னொரு தாளை நான்காக மடித்து மூன்றைத் தேய்த்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது முக்காலவிடக் கம்மியா இருக்கே! கூட்டினா எப்படிக் கம்மியாகும்?" என்று என்னையே கேட்டாள். அந்தக் கேள்வி அவளுக்குள்ளிருந்து வந்தது. அதற்கு மேல் பகுதிகளை, அதாவது கீழே இருக்கும் எண்களை, சமமாக்குவது ஏன் என்று நான் விளக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிட்டது.

கால், அரை, முக்கால் புழக்கம் அவளுக்கு வீட்டிலேயே வந்திருக்கிறது. கொழுந்து எடைக் கணக்கும் அப்படித்தான். காலையில் 14 கிலோ, மதியம் 19, சாயங்காலம் 11; ஈரத்துக்கும் சாக்குக்குமாக 10 விழுக்காடு கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக் கேட்டேன். "நாலரைக்குக் கொஞ்சம் கம்மியா போயிரும். முப்பத்தொம்பதரைக்கு மேல வரும்" என்றாள். சரியான விடை 39.6. இப்படி மனதிலேயே மதிப்பிடத் தெரிந்த பிள்ளைக்கு விழுக்காடு என்று தலைப்பிட்ட பாடத்தில் பூஜ்யம் விழுகிறது என்றால், கோளாறு தலையில் இல்லை. அவளுக்குத் தெரிந்ததையும் தாளில் எழுதும் முறையையும் யாரும் நின்று நிதானமாக இணைத்துக் காட்டவில்லை. நிதானத்துக்கு வகுப்பில் நேரம் இல்லை.

கற்றலில் இந்த நேரம் என்ற பொருளை மையமாக வைத்து யோசித்தவர் ஜான் கரோல் என்ற அமெரிக்க உளவியலாளர். திறமை என்று நாம் சொல்வதை, ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒருவருக்குத் தேவைப்படும் கால அளவாகப் பார்க்கலாம் என்று 1963இல் எழுதினார். பள்ளிக்கூடம் எல்லாருக்கும் ஒரே அளவு நேரத்தைக் கொடுத்துவிட்டு, கற்ற அளவில் வித்தியாசம் வருவதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. நேரத்தை ஆளுக்குத் தகுந்தபடி விட்டுக்கொடுத்து, கற்ற அளவைப் பொதுவாக்கினால் என்ன? பெஞ்சமின் புளூம் 1968இல் இதை ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தெடுத்தார். பாடத்தைச் சின்ன அலகுகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றின் முடிவிலும் சின்னச் சோதனை வைப்பது, 80, 90 விழுக்காடு வந்தால்தான் அடுத்த அலகு. வராதவர்களுக்கு அதையே வேறு வழியில் சொல்லித்தருவது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். புரியாத பிள்ளைக்கு அதே விளக்கத்தை அதே வார்த்தையில் உரக்கச் சொல்வது மறுவாய்ப்பு ஆகாது.

இது மேற்கிலிருந்து புதிதாக வந்து இறங்கிய சரக்கும் இல்லை. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, மணலில் எழுதி, எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை அவரவர் எட்டிய இடத்திலிருந்து படித்தார்கள். முன்னே போனவன் சட்டாம்பிள்ளையாகிப் பின்னே வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்த 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. திண்ணைப் பள்ளியைத் தூக்கிப்பிடிக்க நான் இதைச் சொல்லவில்லை. யாரெல்லாம் அந்தத் திண்ணையில் ஏற முடிந்தது, யாருக்கு இடமில்லை, பிரம்பு எவ்வளவு பேசியது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு புத்தகம், எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கம் என்ற ஏற்பாடு இயற்கை விதி போல நமக்குப் பழகிவிட்டது. அது பின்னால் வந்தது என்பதைச் சொல்லவே இந்தக் குறிப்பு.

நம் மாநிலம் இதைப் பெரிய அளவில் செய்தும் பார்த்திருக்கிறது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான, பாட அட்டைகளை அவரவர் வேகத்தில் எடுத்துப் படிக்கும் முறையைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், கரும்பலகை அவர்கள் உயரத்துக்கு இறங்கியது, சுவரில் கற்றல் ஏணி தொங்கியது. தன் அட்டை எது என்று பார்த்துப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். மழையில் விட்டுப்போன பிள்ளை திரும்பி வந்தால், நிறுத்திய அட்டையிலிருந்தே தொடரலாம். மலைப் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது என்றுதான் நினைக்கிறேன். ஓரிரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளிகள் இங்கே நிறைய உண்டு. அங்கெல்லாம் ஒரே அறையில் பல வகுப்பு என்பது ஏற்கெனவே நடைமுறை.

ஆனாலும் அந்த முறையில் ஒரு பள்ளம் இருந்தது. அட்டையை முடிப்பதே குறி என்றாகிவிட்டால், அட்டை நகரும், பிள்ளை நகராது. மெதுவாகப் போகும் பிள்ளையை 'அவன் வேகம் அவ்வளவுதான்' என்று விட்டுவிடவும் வசதியாகப் போயிற்று. என் மாணவியின் கதையில் நான் கற்றதும், இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான்: வேகம் ஒரு பிள்ளைக்குப் பிறவியில் வந்த அளவு கிடையாது. எந்த இடத்தில் நிற்கிறது, அதற்குக் கீழே உள்ளது உறுதியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும்.

அவள் விஷயத்தில் அது கண்ணெதிரே மாறியது. பின்னத்துக்கு அந்த மழைக்காலத்தில் பெரும்பகுதி போயிற்று. கூடவே ஏழாம் எட்டாம் வாய்ப்பாடு தடுமாறியதால், பகுதிகளைச் சமமாக்கும்போது என்ன செய்கிறோம் என்பதே பெருக்கலைத் தேடும் அவசரத்தில் மறந்துபோகும். மனதில் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கக்கூடியது கொஞ்சம்தான். வாய்ப்பாடு அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் புதிய கருத்துக்கு இடமில்லை. அதனால் தினமும் வாய்ப்பாட்டுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கினோம். மனப்பாடம் கெட்டது என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. புரிந்ததை மனப்பாடம் செய்தால் அது கருவி. மீச்சிறு பொது மடங்கு அதன் பிறகு ஓரிரு மாலைகளில் முடிந்தது. விகிதமும் விழுக்காடும் ஓட்டமாக வந்தன, ஏனென்றால் சீனியிலும் கொழுந்திலும் அவை அவளுக்குத் தெரிந்தவையே. குறை எண்களில் மறுபடி நின்றாள். குறையிலிருந்து குறையைக் கழிப்பது அவளை வெகுவாக இழுத்தடித்தது. பிறகு சமன்பாடு வந்தது. முன்பு பேனாவை வைத்துவிட்ட கணக்கை, 12ஆல் எல்லாவற்றையும் பெருக்கி, எண்ணின் ஏழு மடங்கு 168 என்று கொண்டுவந்து, 24 என்று முடித்தாள். 24இன் மூன்றில் ஒன்று 8, நான்கில் ஒன்று 6, கூட்டினால் 14 என்று சரிபார்த்தும் காட்டினாள். சரிபார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரே பிள்ளை, ஒரே வருடம்: ஓர் இடத்தில் நத்தை, இன்னோர் இடத்தில் ஓட்டம். இதில் எதைப் பார்த்து அவளை 'மெல்லக் கற்கும்' பட்டியலில் எழுதுவது?

நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் எளிமையானவை. ஒரு தலைப்பில் பத்துக் கணக்கில் ஒன்பது சரியாக வர வேண்டும். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அதிலிருந்து சில கணக்குகள் வரும். அதிலும் தேறினால்தான் முடிந்ததாகக் கணக்கு. மறதியைச் சோதனை வைத்து ஆராய்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே காட்டியபடி, படித்தது முதல் சில நாள்களில்தான் வேகமாகக் கரையும். இடைவெளி விட்டுத் திரும்பத் தொட்டால் கரைவது குறையும். தப்பான விடையை அழிக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. பக்கத்தில் சரியானதை எழுதி, எங்கே வழுக்கியது என்று அவளே ஒரு வரி எழுதுவாள். பள்ளிக்கல்வித் துறையின் 'மணற்கேணி' செயலியில் 2023இலிருந்து காணொளிப் பாடங்கள் கிடைக்கின்றன. நிறுத்தி, பின்னே தள்ளி, திரும்பப் பார்க்கலாம் என்பது அவளுக்குப் பெரிய விடுதலை. வகுப்பில் "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்கக் கூச்சம், போனிடம் அந்தக் கூச்சம் இல்லை. ஆனால் அவள் எழுதிய 4/6ஐப் பார்த்து, அதைத் தப்பு என்று அடிக்காமல் 'இது ஒன்றைவிடப் பெரியதா?' என்று கேட்க அருகில் ஓர் ஆள் வேண்டும்.

தன் வேகம் என்று சும்மா விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய பாடம் உண்டு. பிரெட் கெல்லர் என்ற உளவியலாளர் 1960களில் கல்லூரி மாணவர்களுக்கு முழுக்க முழுக்கத் தன் வேகப் பாடமுறையைக் கொண்டுவந்தார். அலகு அலகாகப் படித்து, தயாரான நாளில் தேர்வு எழுதலாம். நன்றாகக் கற்றார்கள், ஆனால் பலர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுப் பாடத்தையே முடிக்கவில்லை. இம்மாதிரி முறைகள் பற்றிய ஆய்வுகளை 1990இல் ஒருசேரத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே கண்டார்கள். பின்தங்கிய மாணவர்களுக்குப் பலன் கூடுதல், ஆனால் வேகத்தை முழுதும் மாணவரிடமே விட்ட கல்லூரிப் பாடங்களில் முடிப்போர் எண்ணிக்கை குறைந்தது. பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், வீட்டு வேலையும் தம்பியைப் பார்க்கும் வேலையும் தலையில் இருக்கிற பதினாலு வயதுப் பெண்ணுக்கு? அதனால் நாள் குறிப்போம், நாள் தப்பினால் ஏன் என்று பேசுவோம். தன் வேகம் என்பதற்காகக் கேட்பாரற்றுப் போய்விடக் கூடாது.

இன்னொரு சங்கடம் பள்ளித் தேர்வு. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிப் பயிற்சி மையங்களில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மேல் வகுப்புக்குப் போகப் போக இடைவெளி அகலமானது. ஒவ்வொருவரையும் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கவைத்ததில், சில மாதங்களிலேயே நல்ல முன்னேற்றம். ஆனால் பள்ளி தன் வகுப்புப் பாடத்தில் வைத்த கணக்குத் தேர்வில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை நான்காம் வகுப்பு நிலையிலிருந்து ஆறாம் வகுப்பு நிலைக்கு ஏறியிருக்கும். கேள்வித்தாள் எட்டாம் வகுப்பினுடையது. இவளுக்கும் அதேதான் நடந்தது. பின்னம் முழுக்கப் பிடிபட்ட பிறகு எழுதிய காலாண்டில் மதிப்பெண் அசையவே இல்லை. விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டியபோது அவள் முகம் வாடியிருந்தது. ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய நோட்டை எடுத்து அவள் முன் விரித்தேன். அந்தப் பக்கங்கள் பேசிய அளவுக்கு என்னால் பேசியிருக்க முடியாது.

இப்போது பத்தாம் வகுப்பு வருகிறது. கணக்கில் 100க்கு 35 வாங்கினால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டியவை 10, ஐந்துக்கு 10, எட்டுக்கு 2. அந்த எட்டு மதிப்பெண் கேள்விகள் செய்முறை வடிவியலும் வரைபடமும். பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஊரெங்கும் முதலில் சொல்லித்தருவது இந்த 16 மதிப்பெண்ணையும், புத்தகத்தின் பின்னால் இருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகளையும்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எஸ்டேட்டை விட்டு வெளியே படிக்கப் போக அந்தச் சான்றிதழ் அவளுக்கு வேண்டும். எனவே இரண்டு நோட்டுப் போட்டிருக்கிறோம். ஒன்று பள்ளியின் வேகத்துக்கு, அன்றன்று நடக்கும் பாடம். மற்றது அவளுடையது.

அவளுடைய நோட்டில் இப்போது காரணிப்படுத்துதல், அதாவது ஒரு கோவையைப் பெருக்கல் வடிவில் பிரித்து எழுதுவது. இருபடிச் சமன்பாட்டுக்கு அதுதான் வாசல். பெருக்கினால் 20, கூட்டினால் 9 வரும் இரண்டு எண்கள் எவை என்றால் 4, 5 என்று உடனே சொல்கிறாள். வாய்ப்பாட்டில் போட்ட உழைப்பு இங்கே வட்டியோடு திரும்புகிறது. பெருக்கினால் குறை 20, கூட்டினால் குறை 1 என்று மாற்றினால் குறி இடிக்கிறது. எண்கள் 4, 5 என்று பிடித்துவிடுகிறாள். குறை எதற்குப் போட வேண்டும் என்பதில் தயக்கம். குறை எண்களும் சேர்ந்த முழுக்களை எழுதிய பக்கத்தை மறுபடி எடுத்திருக்கிறோம், இந்த வாரம் அதுதான் பாடம்.